கடலோர ஊரில் மெய்ன் கூன் வளர்ப்பு: வலை முதல் சீப்பு வரை

மெய்ன் கூன் என்ற பெரிய உடம்புப் பூனை இனத்தை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் குட்டியைக் கொண்டுவருகிறார்கள். ஒரு மாதம் கழித்துச் சீப்பு வருகிறது. குட்டி ஜன்னலிலிருந்து ஒருமுறை தாவிய பிறகு வலை வருகிறது. கடைசியில் மருத்துவரைத் தேடுகிறார்கள். புதுச்சேரியில் நான் பார்த்த தடுமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த வரிசை தலைகீழாக இருந்ததால் வந்தவை. என் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது; என் பூனைக்கு இப்போது ஆறு வயது, எடை ஏழரைக் கிலோ.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்நாட்டுப் பூனைக்கு நம் ஊர் வெயில்தான் எதிரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வெயிலுக்கு மின்விசிறி, நிழல், ஏசி என்று வழி இருக்கிறது. உண்மையில் படுத்துவது ஈரம். கடற்காற்று, குளியல், ஐப்பசி மழை என்று எந்த வழியில் வந்தாலும், மேல்முடிக்கு உள்ளே தோலை ஒட்டியிருக்கும் அடிமுடியில் ஈரம் தங்கினால் சிக்கு விழும், பூஞ்சை வரும். கீழே உள்ள படிகளில் பாதி, அந்த ஈரத்தைத் தோலுக்குப் போகவிடாமல் வைப்பதற்கானவை.

1. வாங்குவதற்கு முன்: எதைப் பார்க்க வேண்டும்

மெய்ன் கூன் நடுத்தர நீள முடிக்காரப் பூனை. பெர்ஷியன் பூனைபோல உடம்பு முழுதும் ஒரே நீளத்தில் பஞ்சுப் பொதியாக இருக்காது. தோளில் முடி குட்டை. முதுகில் கொஞ்சம் நீளும். வயிற்றிலும் பின்தொடையிலும் நன்றாகத் தொங்கும். கழுத்தைச் சுற்றிப் பிடரி இருக்கும். வால் நீளம், அடர்த்தி. காது பெரிது, நுனியில் குஞ்சம். முகவாய் சதுரமாக முன்னே நீண்டிருக்கும்.

மூக்கு அமுங்கித் தட்டை முகமாக இருக்கும் குட்டியை ‘மெய்ன் கூன்’ என்று காட்டினால், அதில் பெர்ஷியன் கலப்பு இருக்கிறது என்று பொருள். கலப்புப் பூனை தாழ்ந்ததல்ல. ஆனால் முடியின் தன்மை மாறும், பராமரிப்பு கூடும், விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். குட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று மாதக் குட்டிகள் எல்லாமே புஸுபுஸுவென்றுதான் இருக்கும். தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள்.

வளர்ப்பவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதயத்தைப் பற்றியது. இந்த இனத்தில் இதயத் தசை தடித்துப்போகும் நோய் பரம்பரையாக வருவதுண்டு. அதோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றம் 2005இல் கண்டறியப்பட்டது. அதற்கான பரிசோதனையும் இருக்கிறது. பெற்றோர் இருவருக்கும் சோதித்த தாள் கேளுங்கள். தாள் சரியாக இருந்தாலும் நோய் வரவே வராது என்பதில்லை. அந்த ஒரு மரபணு மட்டுமே காரணமல்ல. வளர்ந்த பின் ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

பன்னிரண்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரித்து எடுக்காதீர்கள். கடிக்காமல் விளையாடுவதையும், மணலில் கழிப்பதையும் அது தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் கற்கிறது.

வளர்ச்சி மெதுவானது. முழு உருவம் வர மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். ஆண் பொதுவாக ஆறு முதல் எட்டுக் கிலோ, பெண் நான்கு முதல் ஆறு. ஒரு வயதில் கால் நீண்டு வெடவெடவென்று நிற்பதைப் பார்த்து ‘இளைத்துவிட்டான்’ என்று ஊட்டித் தள்ளுகிறவர்கள் உண்டு. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் வரக்கூடியது. தேவையற்ற எடை நேராக அந்த மூட்டில்தான் ஏறும்.

2. வீட்டைத் தயார் செய்தல்

முதல் வேலை வலை. கொசுவலையை நம்பாதீர்கள், நைலான் வலையை நகத்தால் ஒரே இழுப்பில் கிழித்துவிடும். ஜன்னலுக்கும் பால்கனிக்கும் எஃகு வலை அடியுங்கள். அதிலும் துருப்பிடிக்காத எஃகாகப் பாருங்கள். முத்தியால்பேட்டையில் கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், சாதாரண இரும்பு வலை இரண்டே ஆண்டில் மூலைகளில் பொடியாக உதிர்ந்தது. பூனை சாயும் இடமும் அந்த மூலைதான்.

மாடி வீடுகளில் ‘பூனை எப்படியும் காலூன்றி விழும்’ என்பார்கள். ஏழு கிலோ எடையோடு காலூன்றினாலும் தாடை உடையும், கால் உடையும்.

அடுத்து, பிராண்டுவதற்குக் கம்பம். கடையில் விற்கும் கம்பங்கள் சிறிய பூனைக்கானவை. இது தாவினால் சாயும். ஒருமுறை தலையில் சாய்ந்தால் மறுபடி அதன் பக்கம் போகாது, சோபாவுக்குத் திரும்பிவிடும். தச்சரிடம் சொல்லி, கனமான பலகையில் மூன்றடிக்குக் குறையாத கட்டையை ஊன்றி, கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் போதும். உடம்பு முழுதும் நீட்டிப் பிராண்டத்தான் உயரம் வேண்டும்.

3. குட்டி வருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு எஃகுச் சீப்புகள்: ஒன்று அகலப் பல், இன்னொன்று நெருக்கப் பல். கம்பி பிரஷ் ஒன்று இருக்கலாம்; ஆனால் அதை மட்டும் வாங்கினால் ஏமாற்றம்தான். காரணத்தை ஆறாம் படியில் சொல்கிறேன்.

கழிவுத் தட்டு பெரிதாக வேண்டும். பூனையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு என்பது கணக்கு. கடையில் அந்த அளவு கிடைக்காது. துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கச் சுவரைத் தாழ்வாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு. ஒன்று அசுத்தமாக இருந்தால் இன்னொன்றுக்குப் போகும். ஒன்றே இருந்தால் உங்கள் மெத்தைக்குப் போகும்.

மணலுக்காகக் கடற்கரைக்குப் போகாதீர்கள். கடல் மணல் கட்டியாகத் திரளாது, நாற்றத்தையும் பிடித்துவைக்காது, உள்ளே என்ன பூச்சி இருக்கிறது என்றும் தெரியாது. நனைந்தால் கட்டியாகத் திரளும் பென்டோனைட் என்ற களிமண் மணலை, கொஞ்சம் பெரிய குருணையாக வாங்குங்கள். நைஸாக இருப்பது தொடை முடியில் ஒட்டிக்கொண்டு வீடு முழுதும் வரும்.

பயணக் கூடையை நடு அளவு நாய்க்கானதாகவே வாங்கிவிடுங்கள். எடை பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். நீங்கள் எடை பார்க்கும் கருவியில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை நின்று கழித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள்.

4. முதல் பத்து நாள், ஒரே அறை

வந்த அன்றே வீட்டைச் சுற்றிக் காட்டத் தோன்றும். வேண்டாம். தட்டு, தண்ணீர், உணவு, ஒளிய ஓர் அட்டைப்பெட்டி இவற்றோடு ஒரே அறையில் விடுங்கள். சின்ன இடத்தை அது மோந்து தன்னுடையதாக்கிக்கொள்ளும். பெரிய வீட்டில் விட்டால் பீரோவுக்கு அடியில் போய் இரண்டு நாள் வராது.

இந்த நாட்களிலேயே கையைப் பழக்க வேண்டும். மடியில் வைத்து அக்குள், வயிறு, வால் அடி, பாதம் என்று விரலால் தொட்டு, உடனே ஒரு தீனி. நான்கைந்து நாளில் சீப்பின் முதுகுப் பக்கத்தால் தடவுங்கள். பிறகுதான் பல் பக்கம். ஒன்றரைக் கிலோவில் பழகாத பூனையை ஏழு கிலோவில் பிடிக்க முடியாது.

குரலைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து மியாவுக்குப் பதில் ‘ப்ர்ர்ங்’ என்று குருவிபோல ஒரு சத்தம் வரும். அதுதான் இதன் பேச்சு. ‘தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டது’ என்று இரவு பதினொரு மணிக்கு என்னை எழுப்பியவர்கள் உண்டு.

5. உணவும் தண்ணீரும்

பழைய உணவையே முதலில் கொடுங்கள். புதியதை ஏழு நாளில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் பேதி. நீள முடிப் பூனைக்குப் பேதி என்றால் தொடை முடி முழுதும் கழுவ வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மீன்சோறு மட்டும் போட்டு வளர்க்க முடியாது. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே வந்தாக வேண்டும். குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். ஆகவே முழுச்சத்துப் பூனை உணவு அடிப்படையாக இருக்கட்டும். வேகவைத்த கோழி, மீன் அதன்மேல் கொஞ்சம். பெரிய மார்க்கெட்டில் மத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கிறதே என்று பச்சையாகப் போடாதீர்கள். அவற்றில் தயமின் என்ற வைட்டமினைச் சிதைக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும். கருவாடு உப்பு, ஒதுக்குங்கள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. ஆகவே மீன் குழம்பைப் பிசைந்து வைப்பதும் கூடாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை.

தண்ணீரை அகலக் கிண்ணத்தில், கழிவுத் தட்டுக்குத் தொலைவில், இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். இந்த இனம் குடிப்பதற்கு முன் காலால் தண்ணீரை அலசிப் பார்க்கும். அடியில் ஒரு தாம்பாளம் இருந்தால் தரை நனையாது. உலர் உணவு தின்று தண்ணீர் குறைத்துக் குடிக்கும் ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைக்கக்கூடும். தட்டில் போய்ப் போய் முக்கியும் சொட்டு வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

6. சீப்பு: அடியிலிருந்து மேலே

எங்கள் தெருவில் ஒரு அக்கா தினமும் பூனையை வாரிவிடுவார். முதுகு பட்டுப்போல மின்னும். ஒருநாள் ‘தூக்கினால் கடிக்கிறான், என்னவென்று பார்’ என்றார். அக்குளில் விரலை விட்டேன். பழைய கம்பளித் துண்டு ஒன்று தோலோடு தைக்கப்பட்டதுபோல ஒரு தகடு. காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் அது தோலை இழுத்திருக்கிறது. ‘தினமும் வாருகிறேனே!’ என்று அழமாட்டாத குறையாகச் சொன்னார். வாரினார்தான், கம்பி பிரஷ்ஷால், மேலாக.

பிரஷ் மேல்முடியை மட்டும் தடவிப் போகும். உதிர்ந்த அடிமுடி வெளியே வராமல் உள்ளேயே சுருண்டு தகடாகும். சீப்பின் பல் தோல்வரை போக வேண்டும். அதனால்தான் சீப்பு முதலில், பிரஷ் கடைசியில்.

வரிசை இப்படி. சிக்கு அதிகம் விழும் இடங்களை முதலில் முடியுங்கள்: காதுக்குப் பின்னால், அக்குள், வயிறு, தொடை உள்பக்கம், வால் அடி. பூனையின் பொறுமை பத்து நிமிடம்தான். முதுகில் அதைச் செலவழித்துவிட்டு அக்குளுக்குப் போனால் கடிதான் கிடைக்கும். முதுகு சுலபம், அது கடைசியில் வரட்டும்.

ஒரு கையால் முடியை மேலே ஒதுக்கி, அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் விடுங்கள். அகலப் பல் சீப்பால் முதலில் நுனி, பிறகு நடு, பிறகு வேர். நேராக வேரிலிருந்து இழுத்தால் வழியில் உள்ள சிக்கெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இறுகும். அந்த வரி வழவழவென்று ஆனபின் அடுத்த வரியை விடுங்கள். எல்லாம் முடிந்ததும் நெருக்கப் பல் சீப்பு ஒருமுறை. அது எங்கே தடுக்கிறதோ அங்கே சிக்கு பிறக்கிறது என்று பொருள்.

சிறு சிக்கு கிடைத்தால், அதற்கும் தோலுக்கும் நடுவே இரு விரலால் இறுகப் பிடியுங்கள். அப்போது இழுப்பு தோலுக்குப் போகாது. ஒரு சிட்டிகைச் சோளமாவு தூவி விரலால் பிரித்து, பிறகு சீப்பின் ஓரப் பல்லால் எடுங்கள்.

கத்தரிக்கோலைக் கொண்டு வராதீர்கள். சிக்கைத் தூக்கினால் அடியிலுள்ள தோலும் கூடாரம்போல எழும். பூனைத் தோல் காகிதம்போல மெல்லியது. முடி என்று நினைத்து வெட்டியதில் தோல் திறந்து தையல் போட்ட பூனையைப் பார்த்திருக்கிறேன். பிரியாத தகட்டை மருத்துவரிடம் டிரிம்மரால் எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவின் பூனைக்கும் அப்படித்தான் எடுத்தோம். அடியில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது.

வாரம் இரண்டு மூன்று முறை போதும். பெர்ஷியனைவிட அடிமுடி குறைவு என்பதால் இது அவ்வளவு வேலை வாங்காது. மழைக்காலத்தில் மட்டும் தினமும் வாருங்கள்.

7. குளியல்

கேட்டுக்கொண்டே இருப்பார்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை? பிசுபிசுப்பு வந்தால், அழுக்கானால். என் பூனைக்கு ஆண்டுக்கு ஐந்தாறு முறை. வாரம் ஒருமுறை குளிப்பாட்டினால் தோல் வறண்டு செதிலாகும்.

சீப்பு முதலில், தண்ணீர் பிறகு. இதைத் தலைகீழாகச் செய்வதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் பிழை. ‘நனைத்தால் இளகும், பிறகு வாரலாம்’ என்று நம் தலைமுடியை வைத்து நினைக்கிறார்கள். பூனையின் அடிமுடி நனைந்தால் கம்பளிபோல இறுகும். காய்ந்தபின் சீப்பு நுழையாது. ஒரு சிக்குகூட இல்லை என்று உறுதியான பிறகே குழாயைத் திறவுங்கள்.

நேரம் காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் உள்ள நாளில். முழுதும் காய நான்கைந்து மணி நேரம் ஆகலாம். மாலையில் குளிப்பாட்டினால் ஈரத்தோடு தூங்கும். மின்வெட்டு அறிவித்த நாளில் தொடங்காதீர்கள்.

முன்னதாக நகத்தின் கூர்நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் இரத்தக்குழாய் இருக்கிறது. வெதுவெதுப்பான நீர், கழுத்துக்குக் கீழே மட்டும். முகத்துக்கு ஈரத்துணி. பூனைக்கான ஷாம்பூவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அப்படியே பிழிந்தால் ஓரிடத்தில் தங்கி அலசப் போகாது. மனிதர் ஷாம்பூவும் சீயக்காயும் வேண்டாம். அது நாள் முழுதும் தன்னை நக்கும் பிராணி. உடம்பில் தேய்த்தது வயிற்றுக்குள் போகும்.

அலசுவதற்குக் குளிப்பாட்டியதைப்போல இரு மடங்கு நேரம். நம் கடலோரப் பகுதியில் ஆழ்குழாய்த் தண்ணீர் பல வீடுகளில் உப்பு. உப்பு முடியில் தங்கினால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசி ஒரு வாளி மட்டுமாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

துண்டால் தேய்க்காதீர்கள், ஒற்றி ஒற்றிப் பிழியுங்கள். இரண்டு மூன்று பருத்தித் துண்டு மாற்ற வேண்டியிருக்கும். பிறகு டிரையரை மிகக் குறைந்த சூட்டில், தூரமாகப் பிடித்து, ஒரு கையால் முடியைப் பிரித்துக்கொண்டே காட்டுங்கள். சத்தத்துக்கு மிரண்டால் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்து வாரிக்கொண்டே இருங்கள்.

மேல்முடி காய்ந்ததும் முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். வயிற்றிலும் அக்குளிலும் முடியைப் பிரித்து, ஒரு டிஷ்யூ காகிதத்தைத் தோலில் ஐந்து விநாடி அழுத்திப் பாருங்கள். காகிதம் கொஞ்சம் நிறம் மாறினாலும் இன்னும் காயவில்லை.

8. வெயில் காலம்

மொட்டை அடிக்காதீர்கள். முடி வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. மழித்த தோல் நேராகச் சுடும். மழித்த முடி பழையபடி வளரவும் பல மாதம் பிடிக்கும். உதிர்ந்த அடிமுடியை வாரி எடுத்தாலே காற்றோட்டம் வந்துவிடும். வயிற்றில் மட்டும் கொஞ்சம் குறைத்து வெட்டிவிடச் சொல்லலாம். குளிர்ந்த தரையில் வயிறு படும்.

பூனைக்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும். ஆகவே வெறும் மின்விசிறிக் காற்று நமக்குத் தரும் சுகத்தை அதற்குத் தராது. அக்னி நட்சத்திரத்தில் பகல் பதினொன்று முதல் நான்குவரை மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறையை மூடிவிட்டு, தரைத்தளத்து மொசைக் தரையையோ குளியலறை வாசலையோ அதற்குத் திறந்துவிடுங்கள். இடத்தை அதுவே தேர்ந்துகொள்ளும்.

வாயைத் திறந்து நாய்போல மூச்சு இரைத்தால் அது ஆபத்து. பாதம், வயிறு, அக்குள் ஆகியவற்றைக் குளிர்ந்த தண்ணீரால் நனைத்து, விசிறிக்கு அடியில் வைத்து, உடனே மருத்துவரிடம் போங்கள். ஐஸ் கட்டி வேண்டாம். தோலின் இரத்தக்குழாய் சுருங்கி உள்சூடு வெளியேறாமல் நிற்கும். வெயில் இல்லாதபோதும் வாய் திறந்து மூச்சு வாங்கினால் இதயத்தைச் சோதியுங்கள். நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள்; பலமுறை எண்ணியும் முப்பதுக்கு மேலேயே இருந்தால் காட்ட வேண்டும்.

9. ஐப்பசி முதல் மார்கழி வரை

வடகிழக்குப் பருவமழையில் வருவது படர்தாமரை. காதோரம், முகம், பாதம் ஆகியவற்றில் வட்டமாக முடி கொட்டிச் சாம்பல் செதில் தெரியும். அது நமக்கும் ஒட்டும். குழந்தைகளுக்கு முதலில் ஒட்டும். மருந்துக்கடையில் கேட்டு மனிதர்க்கான களிம்பைத் தடவாதீர்கள், நக்கிவிடும். சீப்பையும் படுக்கைத் துணியையும் மாற்றாமல் மருந்து மட்டும் போட்டால் திரும்ப வரும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியது. கழிவுத் தட்டுக்கான மணல் மூட்டை நனைந்து சிமெண்டாகிவிட்டது. அதற்குப்பின் புயல் எச்சரிக்கை வந்தால் மணல், ஐந்து நாள் உணவு, தடுப்பூசிப் புத்தகம், பயணக் கூடை நான்கும் முதல்நாளே மாடிக்குப் போய்விடும்.

10. ஊசியும் மருந்தும்

மூன்று வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும்; மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. தாய்ப்பால் தந்த எதிர்ப்பு இருக்கும்வரை ஊசி முழுதாகப் பிடிக்காது. எப்போது அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மறுபடி மறுபடி. வெறிநாய்க்கடி ஊசி பன்னிரண்டு வாரத்துக்கு மேல். கருத்தடை ஐந்து மாதத்தை ஒட்டி. தள்ளிப்போட்டால் ஆண் பூனை சுவரில் சிறுநீர் பீய்ச்சப் பழகிவிடும்.

குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும், உடல்நிலை நன்றாக இருக்கும்போது ஒருமுறை போய்ப் பழகி வாருங்கள்.

இரண்டு மருந்துகளைப் பூனை உள்ள வீட்டில் தனியே பூட்டி வையுங்கள். ஒன்று பாராசிட்டமால்; ஒரு மாத்திரையே கொல்லும். இன்னொன்று பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்து. ‘எங்கள் நாய்க்குப் போட்டது மிச்சம் இருக்கிறது, கொஞ்சமாகத் தடவினேன்’ என்று வந்த பூனை வலிப்பில் துடித்ததைக் கண்டேன். அது பிழைத்தது, எல்லாம் பிழைப்பதில்லை.

11. கார்த்திகை தீபம்

முதல் ஆண்டு கார்த்திகைக்கு வாசலில் அகல் வரிசை வைத்திருந்தோம். எங்கள் பூனை, அவன், கோலத்தை மோந்துகொண்டே போனான். வால் நிமிர்ந்து ஒரு விசிறிபோல விளக்குகளுக்கு மேலே ஆடிக்கொண்டே போயிற்று. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. முடி பொசுங்கும் வாசனை எனக்குத்தான் முதலில் வந்தது. ஈரத்துண்டால் வாலைப் பிடித்தேன். நுனியில் இரண்டு அங்குலம் பழுப்பாகச் சுருண்டுபோயிருந்தது, தோலுக்குப் போகவில்லை.

இப்போது விளக்குகள் மதில்மேல்தான். அன்று மாலை ஐந்து மணிக்கே அவன் உள்ளறைக்குப் போய்விடுகிறான். தட்டு, தண்ணீர் எல்லாம் அங்கேயே. தீபாவளிக்கும் இதே ஏற்பாடு, வெடிச்சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலை மூடி ஏசியைப் போட்டுவிடுவோம். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பத்து மணிவரை ‘ப்ர்ர்ங்’ என்று புகார் வந்துகொண்டிருக்கும்.